கலங்கல் உயரமும் வாசற்படி உயரமும்

வீடு வாங்க அலைபவர்கள் பெரும்பாலும் கோடையில்தான் அலைகிறார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, பத்திரப்பதிவுக்கும் கடனுக்கும் ஓட நேரம் கிடைக்கும் காலம். சென்னையின் மேற்குப் புறநகரான அயனம்பாக்கத்தில் தரகர் காட்டும் மனை அப்போது காய்ந்து, மண் வெடித்து, மூலையில் ஒரு வேலிகாத்தான் புதரோடு கிடக்கும். "இங்க தண்ணியே நிக்காது சார்" என்பார். ஏப்ரல் மாதத்தில் அது பொய்யே இல்லை. டிசம்பரில் அதே மனை எப்படி இருக்கும் என்பதைத் தரகரிடம் கேட்டுப் பயனில்லை. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது ஒரு வரைபடம். எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்துக்கு, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை தண்ணீர் நிற்கக்கூடும் என்று காட்டும் அதற்கு வெள்ள இடர் வரைபடம் என்று பெயர்.

அமெரிக்காவில் 1968இல் தேசிய வெள்ளக் காப்பீட்டுச் சட்டம் வந்த பிறகு இத்தகைய வரைபடம் வரைவது அரசின் கட்டாய வேலை ஆனது. அபாயப் பகுதி என்று வரைபடம் சொல்லும் இடத்தில் வீடு வாங்க வங்கிக் கடன் கேட்டால், காப்பீடு எடுத்தாக வேண்டும். இங்கிலாந்தில் அஞ்சல் குறியீட்டைத் தட்டினால் அந்த வட்டாரத்தின் வெள்ள அபாயம் திரையில் வந்துவிடும். இந்தியாவிலும் இந்த யோசனை புதிதல்ல. மத்திய நீர்வள ஆணையம் வெள்ளச் சமவெளிகளை மண்டலங்களாகப் பிரிப்பதற்கான மாதிரி மசோதாவை 1975இலேயே மாநிலங்களுக்கு அனுப்பியது. மணிப்பூர், ராஜஸ்தான், உத்தராகண்ட் என்று விரல்விட்டு எண்ணும் மாநிலங்கள்தாம் அதைச் சட்டமாக்கின. அந்த வரிசையில் தமிழ்நாடு இல்லை.

ஆகவே அயனம்பாக்கத்துக்காரர் ஒருவர் தன் கதவு எண்ணைத் தட்டிப் பதில் வாங்க முடியாது. தகவல் இல்லாமல் இல்லை. சிதறிக் கிடக்கிறது. ஒரு துண்டு ஹைதராபாத்தில், ஒரு துண்டு பள்ளிக்கரணையில், ஒன்று வருவாய்த் துறையில், மிச்சம் நான்கு வீடு தள்ளி இருக்கும் பாட்டியின் நினைவில். கோத்துப் பார்க்க வேண்டிய வேலை படிப்பவருடையது.

முதல் சிக்கல் எல்லைக்கோடு. அயனம்பாக்கத்தைச் சுற்றிச் சென்னை மாநகராட்சியின் அம்பத்தூர் மண்டலம், திருவேற்காடு நகராட்சி, வானகரம் ஊராட்சி மூன்றும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. 2018இல் சென்னை மாவட்டம் விரிவாக்கப்பட்டபோது மாவட்ட எல்லையும் இந்தப் பக்கம் வந்து நின்றது. ஒரு தெரு சென்னை மாவட்டப் பேரிடர் திட்டத்தில் இருக்கும். சற்றுத் தள்ளியுள்ள தெரு திருவள்ளூர் மாவட்டத் திட்டத்தில் இருக்கும். இரண்டு தெருவிலும் ஒரே தண்ணீர்தான் நிற்கிறது. மாநகர வரைபடம் எல்லைக்கோட்டோடு நின்றுவிடுகிறது, அதற்கு அப்பால் வெறும் வெள்ளைத்தாள். அந்த வெள்ளையைப் பார்த்து "நம்ம ஏரியாவில் அபாயம் இல்லை" என்று படித்துவிடுகிறவர்கள் உண்டு.

தண்ணீருக்கு வார்டு கிடையாது, வடிநிலம் உண்டு. எனவே முதலில் கேட்க வேண்டியது, இங்கே விழும் மழை எந்த ஆற்றுக்குப் போகிறது என்பதைத்தான்.

மழைக்காலம் வந்தால் சென்னைத் தொலைக்காட்சிகளில் செம்பரம்பாக்கம்தான் பேச்சு. முழு உயரம் 24 அடி, முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி என்ற எண்கள் சிறு பிள்ளைகளுக்கும் மனப்பாடம். 2015 டிசம்பர் 1 அன்று அங்கிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்டதை இந்த நகரம் மறக்கவில்லை. ஆனால் அந்த நீர் இறங்கியது அடையாற்றில். அயனம்பாக்கம் இருப்பது கூவத்தின் வடிநிலத்தில். செம்பரம்பாக்கம் திறப்பு பற்றிய செய்தியைப் பார்த்து இங்கே இரவெல்லாம் விழித்திருப்பவர், உண்மையில் பார்க்க வேண்டிய ஆற்றைப் பார்க்காமல் இருக்கிறார்.

கூவத்தின் மேல்பகுதியில் கேசவரம் அணைக்கட்டு. கொசஸ்தலையாற்று நீரின் ஒரு பங்கு கூவத்துக்குப் பிரிவது அங்கேதான். கீழே வரும் வழியில் ஜமீன் கொரட்டூர் அணைக்கட்டு (அம்பத்தூரை அடுத்த கொரட்டூர் அல்ல, இது வேறு) கூவத்து நீரைப் புதிய பங்காரு கால்வாய் வழியாகச் செம்பரம்பாக்கத்துக்குத் திருப்பிவிடும் இடம். அதற்கு மேல் மிஞ்சுவது திருவேற்காடு, வானகரம், நொளம்பூர் வழியாக வந்து, நகரத்தைக் கடந்து நேப்பியர் பாலத்தருகே கடலைத் தொடுகிறது. மதுரவாயலையும் நொளம்பூரையும் இணைக்கும் தரைப்பாலம் மூழ்கிப் போக்குவரத்து நின்றுவிட்டது என்ற செய்தி வந்தால், அது அயனம்பாக்கத்துக்கும் சேர்த்துச் சொன்ன செய்தி. ஏரியின் மிகைநீர் சேர வேண்டிய ஆறு நிரம்பி ஓடுகிறது என்பதுதான் அதன் பொருள்.

வடக்கே சில கிலோமீட்டர் போனால் கதை மாறிவிடும். அம்பத்தூர் ஏரி நிறைந்தால் தண்ணீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து மாதவரம் இரட்டை ஏரிப் பக்கமும் போகும். அண்டை ஊர்கள்தாம், ஆனால் மழைநீருக்கு வேறு வேறு திசை. கண்ணுக்குத் தெரியாத ஒரு மேடு நடுவே ஓடுகிறது. நடந்து போகும்போது காலுக்குத் தெரியாத அந்த மேட்டைக் காட்டுவதுதான் வெள்ள வரைபடத்தின் முதல் வேலை.

அடுத்தது ஏரி. இதை அவசரமாகக் கடக்க முடியாது. அயனம்பாக்கத்தின் வெள்ளக் கணக்கில் பாதி இங்கேதான் இருக்கிறது.

தமிழ்நாட்டு ஏரி வெட்டிய பள்ளம் அல்ல. சரிவான நிலத்தில் தாழ்ந்த பக்கமாகப் பிறை வடிவில் ஒரு கரை போட்டு, மேட்டிலிருந்து வரும் நீரை நிறுத்தி வைத்த இடம். கரை ஒரு பக்கம்தான். எதிர்ப்பக்கம் கரையே கிடையாது. நிலம் மெல்ல மெல்ல உயர்ந்துகொண்டே போகும், நீர் எதுவரை ஏறுகிறதோ அதுவரை ஏரி. அந்த ஏற்றத்தை முடிவு செய்வது, மிகைநீர் வழிந்தோடும் கலங்கல். கலங்கலின் தலைமட்டம் என்ன உயரமோ அதே உயரத்தில் ஏரி முழுக்க ஒரு கற்பனைக் கோடு இழுத்தால், அதற்குள் அடங்குவது எல்லாம் ஏரி. முழுக் கொள்ளளவு மட்டம் என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான். பெருமழையில் கலங்கலுக்கு மேல் இன்னும் ஓரிரு அடி நீர் நின்று வழியும்போது கோடு மேலும் விரியும்.

கோடையில் நீர் வற்றி நடுவுக்கு ஒடுங்கும். கரையில்லாத பக்கம் வெறும் தரையாகக் கிடக்கும். வண்டித்தடம் விழும், கல் நடுவார்கள், பெயர்ப்பலகை வரும். பத்து ஆண்டு மழை குறைவாக இருந்துவிட்டால் அங்கே ஏரி இருந்ததே மறந்துபோகும். பிறகு ஒரு டிசம்பரில், கரை உடையாமல், யாரும் எதையும் திறந்துவிடாமல், தண்ணீர் அமைதியாக வீட்டுக்குள் வரும். ஏரி தன் அளவுக்கு நிறைந்திருக்கும், அவ்வளவுதான். கரைக்குக் கீழே இருப்பவர்களின் பயம் வேறு வகை. அவர்களுக்கு மறுகால் ஓடும் கால்வாயின் அகலமும், அதில் யார் எதைக் கொட்டி அடைத்திருக்கிறார்கள் என்பதும்தான் உயிர்நாடி. ஒரே ஏரியின் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு விதமான வெள்ளம். ஒரே நிறம் பூசிய வரைபடத்தில் இந்த வித்தியாசம் தெரியாது.

மழையின் அளவைச் செய்தியில் கேட்பதும் அதன் கனத்தை உணர்வதும் வேறு. ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. அதன்மேல் 10 செ.மீ. மழை பெய்தால் சேரும் நீர் ஏறத்தாழ 22,300 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் தண்ணீர் லாரி இரண்டு வந்து வாசலில் கொட்டியதற்குச் சமம். ஒரு ஏக்கருக்கு 33 லாரிக்கு மேல். மண்தரையாக இருந்தால் ஒரு பங்கு உள்ளே இறங்கும். சிமென்ட் பூசிய முற்றத்திலும் தார்ச்சாலையிலும் ஏறக்குறைய முழுவதும் பக்கத்து மனைக்குத்தான் போகும். 2015 டிசம்பர் 1-2இல் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் பதிவானது 49 செ.மீ. கிரவுண்டுக்கு ஒன்பது லாரி.

இப்படிப்பட்ட மழையை நூறாண்டு மழை என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல் செய்த குழப்பத்துக்கு அளவில்லை. "நூறு வருஷத்துக்கு ஒருமுறைதானே, 2015இல் வந்துவிட்டது, இனி பேரன் காலத்தில்தான்" என்று நிம்மதியாகப் படுத்தவர்கள் எத்தனையோ பேர். நூறாண்டு வெள்ளம் என்றால் எந்த ஓர் ஆண்டிலும் அது வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்று மட்டுமே பொருள். சென்ற ஆண்டு வந்தது என்பதால் இந்த ஆண்டுக்குச் சலுகை இல்லை. இருபது ஆண்டு வீட்டுக்கடன் எடுத்தவர் கடனைக் கட்டி முடிப்பதற்குள் அப்படி ஒரு வெள்ளத்தைப் பார்க்கும் வாய்ப்பு சுமார் 18 விழுக்காடு. அவர் வீடு பத்தாண்டு வெள்ளத்தின் கோட்டுக்குள் இருந்தால் அது 88 விழுக்காடு. வரைபடத்தில் 'பத்தாண்டு', 'நூறாண்டு' என்று இரு கோடுகள் இருந்தால், தன் தெரு எதற்குள் இருக்கிறது என்று பார்ப்பதுதான் அந்தத் தாளைப் படிக்கும் முறை. போதாக்குறைக்கு, இந்தக் கணக்குகள் எல்லாம் பழைய மழைப்பதிவுகளை வைத்துப் போட்டவை. 2015க்குப் பிறகு 2021 நவம்பரில் ஓரிரவில் நுங்கம்பாக்கத்தில் 20 செ.மீ.க்கு மேல் கொட்டியது. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் கரையோரமாக நின்று நிதானமாகப் பெய்துவிட்டுப் போனது.

வானத்திலிருந்து பார்த்தால் தெரியாதா என்ற கேள்வி எழும். தெரியும், ஓரளவுக்கு. வெள்ளம் வரும் நாளில் வானம் மூடியிருக்கும். சாதாரணப் படக்கருவிக்கு மேகத்தின் முதுகுதான் தெரியும். எனவே ரேடார் செயற்கைக்கோள் வேண்டும். அது அனுப்பும் நுண்ணலை மேகத்தை ஊடுருவித் தரைக்கு வந்து திரும்பும். கரடுமுரடான நிலம் அலையை எல்லாத் திசையிலும் சிதறடிப்பதால் படத்தில் சாம்பல் நிறமாகத் தெரியும். அசையாத நீர்ப்பரப்பு கண்ணாடி போல அலையை அப்பால் தெறிக்கவிட்டுவிடும், ஒன்றும் திரும்பாது, படத்தில் அந்த இடம் கறுப்பு. வயல்வெளியில் இது அருமையாக வேலை செய்கிறது. ஹைதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு மையம் இந்த முறையில்தான் நாட்டின் பல வெள்ளங்களைப் பதிவு செய்தது. 1998 முதல் 2022 வரையிலான படங்களைத் தொகுத்து 2023இல் வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட பகுதிகளின் அட்லஸ் ஒன்றையும் வெளியிட்டது.

தெருவில் நிற்கும் தண்ணீரில் இந்த வித்தை தடுமாறும். நீரில் பட்டுத் தெறித்த அலை பக்கத்து வீட்டுச் சுவரில் மோதி, வந்த வழியே செயற்கைக்கோளுக்குத் திரும்பிவிடுகிறது. கறுப்பாகத் தெரிய வேண்டிய இடம் பளிச்சென்று வெண்மையாகத் தெரியும். மூழ்கிக் கிடக்கும் தெரு காய்ந்த கட்டடத்தைப் போலவே தோன்றும். அது மட்டுமல்ல, செயற்கைக்கோள் ஓர் இடத்துக்குத் திரும்ப வருவதற்கு நாட்கள் ஆகும். 2025 ஜூலை 30இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய நிசார் ரேடார் செயற்கைக்கோள் அதே பாதைக்கு வருவது 12 நாளுக்கு ஒருமுறை. அயனம்பாக்கத்தில் முழங்கால் தண்ணீர் இரண்டு நாளில் வடிந்துவிடும். செயற்கைக்கோள் அட்லஸில் ஓர் ஊர் இல்லை என்பதால் அங்கே வெள்ளம் வரவில்லை என்று முடிவு கட்டக் கூடாது.

ஏரிகளுக்கு மட்டும் வானத்துச் சாட்சி உறுதியானது. 1984 முதலான லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை எல்லாம் அடுக்கி, பூமியின் ஒவ்வொரு 30 மீட்டர் கட்டத்திலும் எத்தனை விழுக்காடு காலம் நீர் நின்றது என்று காட்டும் வரைபடத்தை ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வு மையம் 2016இல் வெளியிட்டது. இலவசம், யாரும் பார்க்கலாம். அயனம்பாக்கம் ஏரியைத் தேடி, நடுவிலிருந்து விளிம்புக்கு வரும் நிற மாற்றத்தைக் கவனித்தால் ஏரி எவ்வளவு தூரம் மூச்சு வாங்கி விடுகிறது என்று புரியும். கூகுள் எர்த்தில் பழைய படங்களைத் தேதிவாரியாகப் பார்க்கும் வசதியும் உண்டு. மே மாதப் படம் ஒன்று, நல்ல மழை ஆண்டின் டிசம்பர் அல்லது ஜனவரிப் படம் ஒன்று. தரகர் காட்டிய மனை அதில் எங்கே இருக்கிறது என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

உயரத்துக்கு வருவோம். வெள்ளம் என்பது கடைசியில் இரண்டு உயரங்களுக்கு இடையிலான வித்தியாசம். நீர்மட்டம் ஒன்று, வாசற்படி மற்றொன்று. சென்னையின் மேற்குப் புறநகர் கிட்டத்தட்டச் சமதரை, அரை அடி வித்தியாசத்தில் ஒரு வீடு தப்பும், எதிர்வீடு முங்கும். உலகம் முழுவதும் இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவுகளில் ஒன்று 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்ணோடம் ரேடார் வைத்து அளந்தது. அதில் சில மீட்டர் பிழை இருக்கும், மரத்தின் தலையையும் மாடியையும் தரை என்று எண்ணிக்கொள்ளும். கைப்பேசி காட்டும் உயரமும் இப்படித்தான், பத்து அடிக்கு மேலும் தவறலாம். இவற்றை வைத்துச் செய்த வண்ண வரைபடங்களை நம்பித் தன் வீடு தப்பும் என்று நினைப்பது ஆபத்து. விமானத்திலிருந்து லேசர் துடிப்புகளை அனுப்பித் தரையை அளக்கும் லைடார் முறைதான் ஒரு சாண் அளவுக்குள் துல்லியம் தரும்.

2015க்குப் பிறகு சென்னைக்கு வெள்ளத்தைக் கணக்கிட ஓர் ஏற்பாடு வந்தது. பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம், மும்பை ஐஐடி, சென்னை ஐஐடி, அண்ணா பல்கலைக்கழகம் சேர்ந்து உருவாக்கிய சி-ஃப்ளோஸ் என்ற வெள்ள முன்னறிவிப்பு முறை. மழைக் கணிப்பு, ஆற்றின் ஓட்டம், கடலின் ஏற்றவற்றம் மூன்றையும் சேர்த்து எந்த வார்டில் எவ்வளவு நீர் நிற்கும் என்று கணக்கிடுகிறது. கடலை ஏன் சேர்க்க வேண்டும் என்றால், கடல் ஏறியிருக்கும் நேரத்தில் கூவம் வடியாது, முகத்துவாரம் அடைபட்டது போல நின்றுவிடும். நல்ல கருவி. ஆனால் மாநகர எல்லையை மையமாக வைத்து, முதன்மையாக நிர்வாகத்தின் பயன்பாட்டுக்காக எழுந்தது. நகரம், புறநகர் என்று பிரிக்காமல் ஆரணியாறு, கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு உள்ளிட்ட 4,974 சதுர கி.மீ. சென்னை வடிநிலம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும் மாநில அரசின் முன்னறிவிப்புத் திட்டம்தான் திருவேற்காட்டையும் அயனம்பாக்கத்தையும் ஒரே தாளில் வைத்துப் பார்க்கக்கூடியது. அதன் வரைபடங்கள் தெரு அளவில் மக்கள் கைக்கு வர வேண்டும். பொதுப்பணத்தில் அளந்த உயரம் பொதுமக்களுக்கு உரியது.

இப்போதே கைக்கு எட்டுவது பட்டியல். தமிழ்நாடு பேரிடர் மேலாண்மை ஆணையம் மாநிலம் முழுவதும் வெள்ளம் தேங்கக்கூடிய இடங்களை நிற்கும் ஆழத்தை வைத்து வகைப்படுத்தியிருக்கிறது. 5 அடிக்கு மேல் மிக அதிக அபாயம், 3 முதல் 5 அடி அதிகம், 2 முதல் 3 அடி மிதம், அதற்குக் கீழே குறைவு. ஒரு கட்டத்தில் மாநிலத்தில் அப்படி 4,133 இடங்கள் கணக்கில் இருந்தன. மிக அதிக அபாயம் உள்ளவை 321. மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் இந்த இடங்கள் ஊர்ப் பெயரோடு வரும். அயனம்பாக்கத்துக்காரர் சென்னை, திருவள்ளூர் இரண்டையும் புரட்ட வேண்டும். 2 அடிக்குக் கீழே என்றால் 'குறைவு' என்ற சொல்லைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. 2 அடி ஓடும் நீர் பெரும்பாலான கார்களை இழுத்துப்போகும். தரைத்தளத்தில் அதே நீர் குளிர்சாதனப்பெட்டியின் மோட்டாரையும், கட்டிலுக்கு அடியில் வைத்த பத்திரங்களையும் எடுத்துக்கொள்ளும்.

பழைய வரைபடம் வருவாய்த் துறையில் இருக்கிறது. பட்டா, சிட்டா பார்க்கும் அதே அரசு இணையதளத்தில் அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் சர்வே எண் கொடுத்துப் பார்க்கலாம். யார் பெயரில் இருக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். பக்கத்து எண்களையும் பார்ப்பது நல்லது. ஏரி, ஓடை, வாய்க்கால் புறம்போக்கு என்ற சொற்கள் எங்கே வருகின்றன, அந்த வாய்க்கால் புலப்படத்தில் எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது, நிலத்தில் இன்று அது இருக்கிறதா. தாளில் இருந்து தரையில் காணாமல்போன வாய்க்காலின் இடத்தில்தான் முதல் தண்ணீர் நிற்கும். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007இல் தமிழ்நாடு தனிச்சட்டமே போட்டிருக்கிறது. அளவெடுத்துக் கல் நட அதிகாரம் தரும் அந்தச் சட்டத்துக்கும் ஆதாரம் இந்தப் பழைய தாள்கள்தாம்.

ஊர்ப்பெயரும் ஒரு தாள். முகப்பேரில் ஒரு குடியிருப்புக்கே 'ஏரி ஸ்கீம்' என்று பெயர், அஞ்சல் முகவரியில் எழுதுகிறார்கள். மேற்கு மாம்பலத்து லேக் வியூ சாலையில் நின்றால் ஏரி எதுவும் கண்ணில் படாது. தியாகராய நகர் எழுவதற்காக 1920களில் தூர்க்கத் தொடங்கிய பெரிய ஏரியின் நினைவு அது. தாங்கல், ஏந்தல், ஏரிக்கரை, மதகு என்று முடியும் தெருக்களில் வீடு பார்ப்பவர் மழைக்காலத்தில் ஒருமுறை வந்து பார்ப்பது நல்லது.

இவ்வளவையும் கோத்த பிறகும் ஒரு துண்டு மிச்சம். போன வெள்ளத்தில் இந்தத் தெருவில் நீர் எதுவரை வந்தது என்பது எந்த அலுவலகத்திலும் இல்லை. 2015இல் தன்னார்வலர்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து ஒரு வரைபடம் போட்டார்கள், தண்ணீர் நிற்கும் தெருவை மக்களே தொட்டுக் குறிக்கலாம். ஆயிரக்கணக்கான தெருக்கள் சில நாட்களில் பதிவாயின. எங்கே என்பதை அது சொன்னது. எவ்வளவு உயரம் என்பது சுற்றுச்சுவரில் படிந்த பழுப்புக் கோட்டில் இருக்கிறது, அடுத்த வெள்ளையடிப்பு வரைக்கும்.

அந்தக் கோட்டைக் காப்பாற்றக் கொத்தனாரின் டியூப் போதும். மட்டம் பார்க்க அவர்கள் வைத்திருக்கும் முப்பது, நாற்பது அடி நீள, உள்ளே நீர் தெரியும் பிளாஸ்டிக் குழாய். காற்றுக்குமிழ் இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையின் நீர்மட்டம் சுவரிலுள்ள கறையோடு பொருந்தும்படி பிடித்தால், மறுமுனையில் நீர் எங்கே நிற்கிறதோ அதுவே அங்கும் வெள்ளத்தின் உயரம். அங்கே ஒரு கோடு. அங்கிருந்து அடுத்த வீடு, அடுத்த மின்கம்பம். ஓடும் நீருக்குச் சற்றுச் சாய்வு உண்டு என்பதால் நான்கைந்து வீட்டுக்கு ஒருமுறை வேறொரு கறையோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தெரு முடிந்துவிடும். கதவு எண், வாசற்படிக்கு மேல் எத்தனை அங்குலம், எந்த ஆண்டு, எத்தனை மணி நேரம் நின்றது என்று ஒரு நோட்டில் நாலு கட்டம். தெருக்காரர்கள் காசு போட்டு ஒரு சர்வேயரைக் கூப்பிட்டால், லெவல் கருவி வைத்து ஏரிக் கலங்கலின் தலைமட்டத்தையும் இதே கணக்கில் சேர்த்துவிடுவார். அதன்பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும், கலங்கலைவிடத் தன் வாசற்படி மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று.

பருவமழைக்கு முன்னால், ஆகஸ்ட், செப்டம்பரில், தாழ்வான இடங்களின் பட்டியலை உள்ளாட்சிகள் திருத்தும்போது இந்த நோட்டின் நகலைக் கொடுக்கலாம். நகராட்சிக்கு ஒன்று, மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கு ஒன்று, ஊராட்சிக்கு ஒன்று. டியூபின் ஒரு முனை திருவேற்காட்டு வார்டிலும் மறுமுனை அம்பத்தூர் மண்டலத்திலும் இருக்கும் தெருக்களில், குழாயின் இரு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும்.